சபை அழைத்தது உங்கள் கணவரை

கல்யாணமாகி ஏழு மாதமான ஒரு பெண் எழுதியிருக்கிறார். கணவர் பாப்டிஸ்ட் சபை ஒன்றின் போதகர். இவர் பி.எட். முடித்து, தனியார் பள்ளியில் கணக்கு டீச்சராக இருக்கிறார். பாஸ்டரம்மா வேலைக்குப் போனால் ஊழியம் என்னாவது என்று சபையின் மூத்த பெண்கள் கேட்கிறார்களாம். பெண்கள் ஐக்கியம், ஞாயிறு பள்ளி, பாடகர் குழு மூன்றும் இனி உங்கள் பொறுப்பு என்று வந்த முதல் வாரமே சொல்லிவிட்டார்களாம். ராஜினாமாக் கடிதத்தை எழுதிக் கைப்பையில் வைத்துக்கொண்டு, கொடுக்கட்டுமா என்று என்னைக் கேட்கிறார்.

கொடுக்காதீர்கள். முப்பத்தொரு வருடம் போதகர் மனைவியாக இருந்துவிட்டுத்தான் இதைச் சொல்கிறேன்.

நம்முடைய சபைகளுக்குப் பேராயர் கிடையாது. அங்கத்தினர்கள் சபைக் கூட்டத்தில் கூடி, ஓட்டெடுத்து, ஒருவரைப் போதகராக அழைக்கிறார்கள். அந்த அழைப்புக் கடிதத்தை எடுத்துப் படித்துப் பாருங்கள். அதில் இருப்பது உங்கள் கணவரின் பெயர். காணிக்கையிலிருந்து தரும் சம்பளமும் அவருக்குத்தான். தீமோத்தேயுவுக்கு எழுதிய முதல் நிருபத்தில் கண்காணியின், அதாவது சபையை நடத்துகிறவரின், தகுதிகளைப் பவுல் வரிசையாகச் சொல்கிறார். சொந்தக் குடும்பத்தை நன்றாக நடத்த வேண்டும் என்பது அதில் உண்டு. அவர் மனைவி செய்ய வேண்டிய வேலைகளின் பட்டியல் இல்லை. நீங்களும் சபையில் ஓர் அங்கத்தினர். மற்ற சகோதரிகளைப் போல, தேவன் தந்த வரத்துக்கு ஏற்ப ஊழியம் செய்யக் கடமைப்பட்டவர். அதற்கு மேல் உங்கள் மீது ஏற்றப்படுவது பழக்கம்தான், வேதம் அல்ல.

வேலைக்குப் போனால் ஊழியம் கெட்டுவிடும் என்று சொல்பவர்களுக்கு ஹன்னா மார்ஷ்மேனைப் பற்றிச் சொல்லுங்கள். 1799-ல் கணவர் ஜோஷுவாவோடு வங்காளத்திலுள்ள செராம்பூருக்கு வந்த பாப்டிஸ்ட் பெண் அவர். மறுவருடமே இருவரும் அங்கே உறைவிடப் பள்ளிகளைத் தொடங்கினார்கள். அந்தப் பள்ளிகளில் வந்த வருமானம் மிஷனின் பொதுப் பணப்பெட்டிக்குப் போனது. செராம்பூர் அச்சகத்தையும் வேதாகம மொழிபெயர்ப்புகளையும் நாம் கொண்டாடுகிறோமே, அந்த மிஷன் வீட்டின் அடுப்பு எரிந்ததில் ஒரு டீச்சரின் உழைப்பும் இருக்கிறது.

அதே செராம்பூரில் இன்னொரு பெண்ணும் இருந்தார். அவரை நாம் மேடையில் அதிகம் பேசுவதில்லை. வில்லியம் கேரியின் மனைவி டாரதி. கேரி இங்கிலாந்தில் பாப்டிஸ்ட் போதகராக இருந்தவர். இந்தியாவுக்குப் போகலாம் என்று அவர் சொன்னபோது டாரதி கர்ப்பிணி. முதலில் மறுத்தார். பிரசவம் முடிந்த சில வாரங்களில், தங்கையும் கூட வந்தால் வருகிறேன் என்று இசைந்து, 1793-ல் கைக்குழந்தையோடு கப்பல் ஏறினார். அடுத்த வருடம் வங்காளத்தில் ஐந்து வயது மகன் பீட்டர் சீதபேதியில் இறந்தான். டாரதியின் மனம் அதற்குப் பிறகு தேறவே இல்லை. சுமார் பன்னிரண்டு வருடம் மனநோயோடு வாழ்ந்து 1807-ல் இறந்துபோனார். இதைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு நெஞ்சு அடைக்கிறது. கேரியைக் குறை சொல்ல நான் இதை எழுதவில்லை. போதகர் மனைவியின் துக்கத்தைக் கேட்க ஆள் வேண்டும் என்பதற்காக எழுதுகிறேன். உங்கள் சபைக்கு வெளியே, முடிந்தால் வேறு ஊரில், ஒரு மூத்த தோழியைத் தேடிக்கொள்ளுங்கள். தூக்கமில்லாமல் வாரக்கணக்கில் கிடந்தால் ஜெபத்தோடு மருத்துவரையும் பாருங்கள். அரசின் டெலி மானஸ் எண் 14416. எந்நேரமும் கூப்பிடலாம், கட்டணம் இல்லை.

இனி, எந்த ஊழியத்தை எடுப்பது? ஒன்றை மட்டும் எடுங்கள். உங்களுக்குக் கை வந்ததை எடுங்கள். கணக்கு டீச்சருக்கு ஞாயிறு பள்ளி கஷ்டமாக இராது. பாட்டு வராது என்று எழுதியிருக்கிறீர்களே, பாடகர் குழுவைப் பாடத் தெரிந்தவரிடம் இந்த மாதமே கொடுத்துவிடுங்கள். லண்டனில் ஆயிரக்கணக்கானவர்களுக்குப் பிரசங்கித்த ஸ்பர்ஜனின் மனைவி சூசன்னா, நோயினால் பல வருடம் ஆலயத்துக்கே வர முடியாதவர். 1875-ல் அவர் வீட்டுச் செலவில் மிச்சம் பிடித்த காசைக் கொண்டு ஏழைப் போதகர்களுக்குப் புத்தகம் அனுப்பத் தொடங்கினார். 1903-ல் இறக்கும்வரை அதை விடவில்லை. கொரெட்டா ஸ்காட் கிங் பாஸ்டனில் சங்கீதம் படித்தவர். மாண்ட்கோமரியில் கணவர் பாப்டிஸ்ட் போதகராக இருந்தபோது, 1956 ஜனவரி 30 அன்று அவர்கள் வீட்டில் குண்டு வெடித்தது. உள்ளே கொரெட்டாவும் கைக்குழந்தையும் இருந்தார்கள். அந்த அம்மா பிற்பாடு தன் சங்கீதத்தையே கச்சேரிகளாக்கி, கறுப்பின மக்களின் உரிமைப் போராட்டத்துக்குப் பணம் திரட்டினார். இருவரும் தங்களிடம் இருந்ததைக் கொண்டு செய்தார்கள்.

ஒன்று போதும் என்றேன். ஆனால் நம் சபைகளில் போதகர் மனைவி கவனிக்காவிட்டால் கெட்டுப்போகிற வேலை ஒன்று உண்டு. அது ஞானஸ்நான ஆராதனை. நாம் முழுக்கு ஞானஸ்நானம் கொடுக்கிறவர்கள். வெள்ளைப் புடவையோடு தண்ணீருக்குள் இறங்கும் பெண் ஏறும்போது எப்படிக் கூசிப் போவாள் என்பது எந்த உதவிக்காரருக்கும் தோன்றாது. கெட்டியான, அடர்நிறப் பருத்தித் துணியில் நான்கைந்து அளவுகளில் அங்கி தைத்துச் சபையிலேயே வையுங்கள். தண்ணீரில் மிதந்து எழும்பாமல் இருக்க, கீழ் மடிப்புக்குள் சிறு ஈயக் குண்டுகளை வைத்துத் தைக்கச் சொல்லுங்கள். பெரிய துவாலைகள், சேஃப்டி பின், உடை மாற்றத் தாழ்ப்பாள் உள்ள அறை எல்லாம் முந்தின நாளே தயாராக இருக்கட்டும். படியேறும் இடத்தில் துவாலையை விரித்துப் பிடித்தபடி நீங்கள் நில்லுங்கள். வாழ்நாளெல்லாம் அந்தப் பெண் உங்களை மறக்கமாட்டாள்.

பெண்கள் உங்களிடம் வந்து அழுவார்கள். பேசத் தொடங்கும் முன்பே, இதை ஐயாவிடம் சொல்லலாமா என்று கேட்டுவிடுங்கள். வேண்டாம் என்றால் சொல்லாதீர்கள். அப்படி எல்லாவற்றையும் ரகசியமாகக் காக்க முடியாது என்பதையும் அப்போதே சொல்லிவிட வேண்டும். அடி உதை என்று வருகிறவளை, பொறுத்துக்கொள் என்று திருப்பி அனுப்பாதீர்கள். 181 பெண்கள் உதவி எண்ணைக் கொடுத்து, கூடப் போய் உட்காருங்கள். ஒரு குழந்தைக்கு யாராவது பாலியல் கொடுமை செய்ததாகத் தெரிந்தால், 2012-ன் போக்சோ சட்டப்படி காவல்துறைக்குத் தெரிவிப்பது ஒவ்வொருவரின் கடமை. குழந்தைகளுக்கான எண் 1098. சபையின் பெயர் கெடும் என்று யார் சொன்னாலும் கேட்காதீர்கள்.

வீட்டைப் பற்றிச் சுருக்கமாக. வருகிறவர்களுக்காக அரை லிட்டர் பால் கூடுதலாக வாங்குங்கள், ஆனால் படுக்கையறைக் கதவு உங்கள் குடும்பத்துக்கு மட்டும். திங்கட்கிழமை போதகரின் ஓய்வு நாள் என்று அறிவிப்பில் சொல்லச் செய்யுங்கள். பிள்ளைகள் பிறந்தால் அவர்கள் குறும்பைப் பிரசங்கத்தில் உதாரணமாகச் சொல்லக் கூடாது என்று கணவரிடம் இப்போதே பேசிவிடுங்கள். என் மூத்த பிள்ளை பிறந்த இருபத்தெட்டாம் நாள் நான் விடுமுறை வேதாகமப் பள்ளிக்குச் சமைக்கப் போனேன். காய்ச்சலில் விழுந்தேன். யாரும் என்னைக் கட்டாயப்படுத்தவில்லை. மாட்டேன் என்று சொல்ல எனக்குத் தெரியவில்லை.

கடைசியாகப் பணம். போதகர் வீட்டில் இதைப் பேசுவது அவிசுவாசம் என்று நினைக்கிறோம். எனக்குத் தெரிந்த ஒரு போதகர் மாரடைப்பில் இறந்தார். மூன்றாம் மாதம் அவர் மனைவி சபை வீட்டைக் காலி செய்தார். சபையார் கெட்டவர்கள் அல்ல, புதிய போதகர் குடிவர வேண்டியிருந்தது. அந்த அம்மாவிடம் சேமிப்பும் இல்லை, சம்பளமும் இல்லை.

ஆகவே பள்ளியில் உங்களுக்குப் பி.எஃப். பிடிக்கிறார்களா என்று முதலில் பாருங்கள். ஓய்வூதியத் திட்டத்தில் 10 வருடப் பணி முடித்தால் 58 வயதில் மாத ஓய்வூதியம் உண்டு. வங்கியில் இருவர் பெயரிலும் கணக்கு இருக்கட்டும், வாரிசு நியமனம் எழுதியிருக்கட்டும். பிரதமரின் ஜீவன் ஜோதி காப்பீட்டுக்கு வருடம் 436 ரூபாய். 50 வயதுக்குள் சேர வேண்டும், இறப்புக்கு 2 லட்சம் கிடைக்கும். விபத்துக்கான சுரக்ஷா காப்பீடு வருடம் 20 ரூபாய்தான். உங்கள் கணவர் 40 வயதைத் தாண்டாதவராக, வருமான வரி கட்டாதவராக இருந்தால் அடல் ஓய்வூதியத் திட்டத்தில் சேரலாம். தபால் அலுவலகத்தில் பொது வருங்கால வைப்பு நிதிக் கணக்கு தொடங்க 500 ரூபாய் போதும். அது 15 வருடத்தில் முதிரும். அதற்குள் சபைகள் மாறலாம், ஊர்கள் மாறலாம். அந்தக் கணக்கு உங்களோடு வரும்.

இதைப் படிக்கிற உதவிக்காரர்களிடமும் ஒன்று கேட்கிறேன். போதகர் இறந்தால் அவருடைய குடும்பம் குறைந்தது ஒரு வருடம் சபை வீட்டிலேயே இருக்கலாம் என்று அடுத்த சபைக் கூட்டத்தில் தீர்மானம் போட்டு, பதிவேட்டில் எழுதி, கையெழுத்திடுங்கள். போதகர் உயிரோடும் சுகத்தோடும் இருக்கும்போதே செய்யுங்கள்.