சிவந்த மதுவம் கற்றுத் தந்த பாடம்

உம்மா பணிஸுக்கு மா குழைத்து, ஈரத்துணியால் மூடி வைப்பார். சற்று நேரத்தில் அது பொங்கி நிற்கும். கடையில் ஈஸ்ட் என்று வாங்குகிறோமே, அதுதான் எமது உயிரியல் பாடத்தில் வரும் மதுவம்.

மதுவம் ஒரு கலத்தாலான உயிரி. அதன் 16 நிறமூர்த்தங்களில் ஏறத்தாழ 6000 பரம்பரையலகுகள் உள்ளன. 1996இல் அதன் டீ.என்.ஏ. வரிசை முழுவதும் வாசிக்கப்பட்டது. பின்னர் விஞ்ஞானிகள் அவற்றை ஒவ்வொன்றாக நீக்கிப் பார்த்தனர். ஏறக்குறைய 1000 பரம்பரையலகுகளில் எதை நீக்கினாலும் மதுவம் பிழைக்கவில்லை. மற்றவை “அத்தியாவசியமற்றவை” எனப்பட்டன.

நான் என் கொப்பியில் அவற்றைப் “பயனற்றவை” என்று எழுதியிருந்தேன். டீச்சர் அந்தச் சொல்லை வெட்டிவிட்டு, “எதில் வளர்த்தபோது?” என்று சிவப்புப் பேனையால் கேட்டிருந்தார். அதற்கு விடை தேடியபோது கிடைத்ததே இந்த உதாரணம்.

ஏ.டி.ஈ. 2 என்பது அத்தியாவசியமற்ற ஒரு பரம்பரையலகு. மதுவம் தனக்கு வேண்டிய அடினைனைப் பல படிகளில் தானே ஆக்கிக்கொள்கிறது. அதில் ஒரு படிக்குரிய நொதியத்தைத் தருவது இப்பரம்பரையலகு. இது விகாரமடைந்தால் அந்தப் படி தடைப்படும். அதற்கு முந்திய இடைப்பொருள் தேங்கி, புன்வெற்றிடத்தினுள் சேர்ந்து, ஒட்சியேற்றமடைந்து சிவப்பு நிறப்பொருளாகும்.

இந்த விகாரியை மூன்று தட்டுகளில் வளர்ப்பதாக வைத்துக்கொள்வோம்.

1. அடினைன் இல்லாத ஊடகம்: வளராது.
2. அடினைன் குறைவான ஊடகம்: வளரும், வெண்மையாக இருக்க வேண்டிய கலக்கூட்டம் சிவந்திருக்கும்.
3. அடினைன் தாராளமான ஊடகம்: வளரும், நிறமும் வெண்மையே. போதிய அடினைன் கிடைப்பதால் கலம் அந்த ஆக்கப் பாதையைத் தொடக்கத்திலேயே அடக்கிவிடும். இடைப்பொருள் தேங்காது.

மூன்றாம் தட்டை மட்டும் பார்த்தவர் “விளைவு எதுவுமில்லை” என்பார். முதலாம் தட்டை மட்டும் பார்த்தவர் “இது இன்றி உயிரில்லை” என்பார். பரம்பரையலகு ஒன்றுதான், மாறியது ஊடகமே. குறைபாடற்ற பிரதியொன்றை மீண்டும் கலத்தினுள் செலுத்தினால் சிவப்பு நீங்கும். அடினைன் இன்றியும் வளரும். எனவே காரணம் இப்பரம்பரையலகே என்பது உறுதியாகிறது.

இன்னொரு காரணமும் உண்டு. ராஸ் 1, ராஸ் 2 ஆகிய இரண்டில் ஒன்றை நீக்கினால் மதுவம் வாழும். இரண்டையும் நீக்கினால் இறக்கும். ஒன்றின் இழப்பை மற்றது ஈடுசெய்வதால், தனியே பார்க்கும்போது இரண்டுமே தேவையற்றவை போலத் தோன்றுகின்றன.

தோழியரே, “தோற்றவமைப்பில் மாற்றமில்லை” என்று விடை எழுதுமுன், எந்த ஊடகத்தில் என்று ஒருமுறை கேளுங்கள். ஒரு தவணைப் புள்ளியை வைத்து எங்களைக் கணிக்கும் பெற்றோரும் இதே கேள்வியைக் கேட்டால் மகிழ்வோம்.

கொப்பியில் அந்தச் சிவப்பு எழுத்தை நான் இன்னும் அழிக்கவில்லை.