மோட்டார் நியூரான் நோய்: ஆராய்ச்சி சொல்வதும் நம் குடும்பங்கள் அறிய வேண்டியதும்



நமது அறக்கட்டளைக்கு வரும் மருத்துவ உதவி விண்ணப்பங்களில் பெரும்பாலானவை இதயம், சிறுநீரகம், புற்றுநோய் தொடர்பானவை. எப்போதாவது வரும் ஒரு விண்ணப்பத்தில் மட்டும் எம்.என்.டி. அல்லது ஏ.எல்.எஸ். என்று எழுதப்பட்டிருக்கும். அந்த விண்ணப்பங்களில்தான் கேட்கப்படும் தொகையும் அதிகம், அது வீணாகும் வாய்ப்பும் அதிகம். ஆகவே இந்த நோய் பற்றி இன்றைய ஆராய்ச்சி எதுவரை வந்திருக்கிறது, எது பலன் தருகிறது, எது தரவில்லை என்பதை நம் குடும்பங்கள் தெரிந்துகொள்வது அவசியம் என்று கருதி இதை எழுதுகிறேன்.

நோய் என்ன செய்கிறது?

கையைத் தூக்க நினைத்தவுடன் கை எழுகிறது. மூளையில் புறப்படும் கட்டளை தண்டுவடம் வரை ஒரு நரம்பணு வழியாகவும், அங்கிருந்து தசை வரை இன்னொரு நரம்பணு வழியாகவும் வந்து சேர்கிறது. இந்த நரம்பணுக்களே மோட்டார் நியூரான்கள். இவை ஒவ்வொன்றாக அழிந்தால் தசைக்குக் கட்டளை வராது. தசை மெலியும், துடிக்கும், பிறகு அசைவை இழக்கும்.

தொடக்கம் மிகச் சிறியதாக இருக்கும். சட்டைப் பொத்தானைப் போட முடியாது. பூட்டில் சாவியைத் திருப்ப முடியாது. நடக்கும்போது செருப்பு கழன்றுவிடும். சிலருக்குப் பேச்சு குழறும், தண்ணீர் குடித்தால் புரையேறும். மரத்துப்போதல் பொதுவாக இருக்காது. பெரும்பாலோருக்கு நினைவும் அறிவும் தெளிவாகவே இருக்கும். சிலருக்கு மட்டும் சிந்தனையிலும் நடத்தையிலும் மாற்றம் வரும். நாளடைவில் மூச்சு விடும் தசைகளும் பலவீனமாகும்.

ஏ.எல்.எஸ். வகையில் அறிகுறி தொடங்கியதிலிருந்து பலரின் ஆயுள் இரண்டு முதல் ஐந்து ஆண்டுகள். சுமார் பத்தில் ஒருவர் பத்து ஆண்டுகளைத் தாண்டுகிறார். விஞ்ஞானி ஸ்டீபன் ஹாக்கிங்குக்கு 1963-இல் 21 வயதில் நோய் கண்டறியப்பட்டது. அவர் 2018 வரை வாழ்ந்தார். அவரை எல்லோருக்கும் அளவுகோலாக வைக்க முடியாது. ஆனால் நோயின் வேகம் ஆளுக்கு ஆள் மாறும் என்பதற்கு அவர் சாட்சி.

இது தொற்றுநோய் அல்ல. நோயாளியோடு ஒரே சஹனில் அமர்ந்து சாப்பிடுவதால் யாருக்கும் வராது. கண்ணேறு, சூனியம் என்று எண்ணி மாதக்கணக்கில் அலைந்துவிட்டுப் பிறகு மருத்துவரிடம் வருபவர்களும் உண்டு. துஆ செய்யுங்கள், அதே வாரத்தில் மருத்துவரையும் பாருங்கள்.

முதல் கேள்வி: இது அந்த நோய்தானா?

இந்த நோயை உறுதிசெய்ய ஒற்றை இரத்தப் பரிசோதனை எதுவும் கிடையாது. நரம்பியல் மருத்துவரின் நேரடிப் பரிசோதனை, தசை நரம்பு மின்சோதனை, எம்.ஆர்.ஐ. ஸ்கேன், மற்ற நோய்களை விலக்கும் இரத்தச் சோதனைகள் ஆகிய எல்லாம் சேர்ந்துதான் முடிவு. இதில் அவசரம் கூடாது. ஏனெனில் இதைப் போலவே தோன்றும் வேறு நோய்கள் பல உண்டு. அவற்றில் சில சிகிச்சைக்குக் கட்டுப்படும். கழுத்து எலும்புத் தேய்மானத்தால் தண்டுவடம் நசுங்குதல், வைட்டமின் பி12 குறைபாடு, தைராய்டு கோளாறு, மயஸ்தீனியா கிரேவிஸ் போன்றவை அவ்வகையில் சேரும்.

வேகம் குறைந்த வகைகளும் உண்டு. இளைஞர்களின் ஒரு கையை மட்டும் மெலிய வைக்கும் ஹிராயாமா நோய் 1959-இல் ஜப்பானில் விவரிக்கப்பட்டது. ஆசிய நாடுகளில் இது அதிகம். சில ஆண்டுகளில் பெரும்பாலும் தானாகவே நின்றுவிடும். கழுத்தைக் குனியாமல் வைக்கும் பட்டை அணிவது இதற்குரிய சிகிச்சைகளில் ஒன்று.

நமது சென்னையின் பெயரையே தாங்கிய வகையும் ஒன்று இருக்கிறது. மீனாட்சிசுந்தரம், ஜகந்நாதன், ராமமூர்த்தி ஆகிய மருத்துவர்கள் 1970-இல் விவரித்த இதற்கு ‘மெட்ராஸ் மோட்டார் நியூரான் நோய்’ என்று உலக மருத்துவ நூல்களில் பெயர். இளம் வயதில் தொடங்கும். கை கால் மெலிவதோடு முகத் தசைகளும் பலவீனமாகும். காது கேட்கும் திறனும் குறையும். ஆனால் மிக மெதுவாகவே செல்லும். பல பத்தாண்டுகள் இதனுடன் வாழ்ந்தவர்கள் உண்டு. ஆகவே ‘எம்.என்.டி.’ என்ற எழுத்துகளைக் கண்டதும் நாட்களை எண்ணத் தொடங்க வேண்டாம். எந்த வகை என்று கேளுங்கள். பெரிய அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகள், வேலூர் சி.எம்.சி., பெங்களூரு நிம்ஹான்ஸ் போன்ற இடங்களில் இரண்டாவது கருத்துப் பெறுவதற்குச் செலவிடும் பணம் வீண் அல்ல.

மருந்துகள் எதுவரை வந்துள்ளன?

ஏ.எல்.எஸ். நோயை முழுமையாகக் குணமாக்கும் மருந்து இன்றுவரை இல்லை. இதை முதலில் மனதில் பதிய வைத்துக்கொண்டு மற்றவற்றைப் படியுங்கள்.

1995-இல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற ரிலுசோல் மாத்திரை நம் நாட்டிலும் கிடைக்கிறது. மருத்துவச் சோதனைகளில் இது ஆயுளைச் சராசரியாக இரண்டு, மூன்று மாதங்கள் நீட்டியது. கல்லீரல் பரிசோதனையோடு எடுத்துக்கொள்ள வேண்டும். எடரவோன் என்ற மருந்து 2015-இல் ஜப்பானிலும் 2017-இல் அமெரிக்காவிலும் அனுமதி பெற்றது. நோயின் ஆரம்ப நிலையில் இருந்த குறிப்பிட்ட சிலரிடம் சரிவின் வேகத்தை அது குறைத்தது. ஆனால் வாயால் உட்கொள்ளும் எடரவோன் ஒன்றை வைத்து ஐரோப்பாவில் நடந்த பெரிய சோதனையின் முடிவு 2024 ஜனவரியில் வந்தபோது பலன் தெரியவில்லை.

2024 செப்டம்பரில் ஜப்பான் மெத்தில்கோபாலமின் ஊசிக்கு அனுமதி அளித்தது. இது பி12 வைட்டமினின் ஒரு வடிவம். இதைக் கேட்டதும் மருந்துக்கடையில் பி12 மாத்திரை வாங்கத் தோன்றும். அங்கே பயன்பட்டது வாரம் இருமுறை 50 மில்லிகிராம் ஊசி. நாம் வாங்கும் மாத்திரையைவிடப் பல மடங்கு அதிகம். அதுவும் நோய் தொடங்கி ஓராண்டுக்குள் இருந்தவர்களிடமே சோதிக்கப்பட்டது.

மிகவும் நம்பிக்கை தரும் செய்தி மரபணு ஆராய்ச்சியிலிருந்து வந்தது. 1993-இல் எஸ்.ஓ.டி.1 என்ற மரபணுவின் கோளாறு சில குடும்பங்களில் இந்த நோய்க்குக் காரணம் என்று கண்டறிந்தார்கள். அந்த மரபணுவின் கெட்ட புரதம் உருவாவதைத் தடுக்கும் டோஃபெர்சென் என்ற மருந்து 2023 ஏப்ரலில் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. கண்டுபிடிப்பிலிருந்து மருந்து வர முப்பது ஆண்டுகள் ஆகியிருக்கின்றன. இது முதுகுத் தண்டு நீரில் செலுத்தப்படுகிறது. நரம்பணு சிதையும்போது இரத்தத்தில் கலக்கும் நியூரோஃபிலமென்ட் என்ற புரதத்தின் அளவு இதனால் வெகுவாகக் குறைந்தது. சீக்கிரம் தொடங்கியவர்களின் நிலை தாமதமாகத் தொடங்கியவர்களைவிட மேலாக இருந்தது. ஆனால் இந்த மரபணுக் கோளாறு உள்ளவர்கள் மொத்த ஏ.எல்.எஸ். நோயாளிகளில் சுமார் 2 சதவீதம் மட்டுமே. மற்றவர்களுக்கு இந்த மருந்து பயன்படாது. குடும்பத்தில் இருவருக்கு நோய் இருந்தாலோ, இளம் வயதில் வந்தாலோ மரபணுப் பரிசோதனை பற்றி மருத்துவரிடம் கேளுங்கள்.

தோல்விகளையும் சொல்ல வேண்டும். ரெலிவ்ரியோ என்ற மருந்து 2022-இல் அமெரிக்காவில் பெரும் எதிர்பார்ப்போடு வந்தது. பின்னர் 664 பேரிடம் நடந்த பெரிய சோதனையில் பலன் இல்லை என்று தெரிந்ததும், 2024 ஏப்ரலில் அதைத் தயாரித்த நிறுவனமே சந்தையிலிருந்து திரும்பப் பெற்றுக்கொள்வதாக அறிவித்தது. சிறிய சோதனையில் தெரியும் பலன் பெரிய சோதனையில் மறைந்துபோவது இத்துறையில் அடிக்கடி நடக்கிறது. ‘புதிய மருந்து கண்டுபிடிப்பு’ என்று வாட்ஸ்அப்பில் வரும் செய்தியை இந்த அனுபவத்தோடு சேர்த்துப் படியுங்கள்.

ஸ்டெம் செல் ஊசி

நமக்கு வரும் விண்ணப்பங்களில் அதிகம் இடம்பெறுவது இதுதான். சென்ற ஆண்டு ஒரு சகோதரி தன் கணவருக்காக ஒரு தனியார் மையம் கொடுத்த மதிப்பீட்டைக் கொண்டுவந்தார். நான்கு தவணை ஊசி, பல லட்ச ரூபாய். நகைகளை ஏற்கனவே அடகு வைத்திருந்தார். மீதியை ஜகாத் நிதியிலிருந்து கேட்டார்.

இதில் அறிவியல் நிலை என்ன? நோயாளியின் எலும்பு மஜ்ஜையிலிருந்து எடுத்த செல்களை வைத்து அமெரிக்காவில் நடந்த மூன்றாம் கட்டச் சோதனையின் முடிவு 2020-இல் வெளியானது. எதிர்பார்த்த பலன் நிரூபணம் ஆகவில்லை. 2023 செப்டம்பரில் அந்நாட்டு மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பின் ஆலோசனைக் குழுவில் 17 பேர் சான்று போதாது என்று வாக்களித்தார்கள். நம் நாட்டில் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் 2017 வழிகாட்டுதலும் தெளிவாக இருக்கிறது. இரத்த நோய்கள் போன்றவற்றுக்கான அங்கீகரிக்கப்பட்ட மஜ்ஜை மாற்றுச் சிகிச்சை தவிர, மற்ற ஸ்டெம் செல் பயன்பாடு எல்லாம் முறையாக அனுமதி பெற்ற ஆராய்ச்சிக்குள் மட்டுமே நடக்க வேண்டும்.

ஆகவே ஒரே ஒரு கேள்வி போதும்: “இது சிகிச்சையா, ஆராய்ச்சியா?” சிகிச்சை என்றால் அதற்கு அங்கீகாரம் இல்லை. ஆராய்ச்சி என்றால் இந்திய மருத்துவச் சோதனைப் பதிவேட்டில் பதிவு எண் இருக்க வேண்டும். சோதிக்கப்படும் ஊசிக்கு நோயாளியிடம் பணம் வாங்கக் கூடாது. பணமும் கேட்டுப் பதிவு எண்ணும் தராதவர்களிடமிருந்து விலகி வந்துவிடுங்கள்.

அந்தச் சகோதரியின் குடும்பத்தாரோடு அமர்ந்து பேசினோம். ஊசிக்குத் தர நிர்வாகக் குழு சம்மதிக்கவில்லை. மூச்சுக்கு உதவும் பைபாப் இயந்திரம் வாங்கிக் கொடுத்தோம். முதலில் அவருக்கு வருத்தம்தான். ஆனால் படுக்கவே முடியாமல் நாற்காலியில் இரவைக் கழித்த அவர் கணவர், அதன்பின் படுத்து உறங்கினார்.

பலன் தரும் செலவுகள்

பைபாப் என்பது முகமூடி வழியாகக் காற்றைத் தள்ளி நுரையீரலுக்கு உதவும் கருவி. 2006-இல் வெளியான இங்கிலாந்து ஆய்வு ஒன்றில், விழுங்கும், பேசும் தசைகள் மிகவும் பாதிக்கப்படாத நோயாளிகளுக்கு இவ்வகைக் கருவி சுமார் 7 மாதம் கூடுதல் ஆயுளையும் நல்ல உறக்கத்தையும் தந்தது. ரிலுசோல் தரும் இரண்டு, மூன்று மாதங்களோடு ஒப்பிட்டுப் பாருங்கள். மல்லாந்து படுத்தால் மூச்சுத் திணறல், காலையில் தலைவலி, பகலில் தூக்கம் ஆகியவை இருந்தால் நுரையீரல் பரிசோதனை கேளுங்கள். மருத்துவர் சொல்லாமல் ஆக்சிஜன் மட்டும் வைக்காதீர்கள். இந்நோயில் அது உடலில் கரியமில வாயுவைத் தேங்க வைத்துவிடலாம்.

விழுங்க முடியாமல் எடை குறையத் தொடங்கினால், வயிற்றில் உணவுக் குழாய் வைப்பதைத் தள்ளிப்போடாதீர்கள். மூச்சு மிகவும் பலவீனமான பிறகு அதைச் செய்வது ஆபத்து.

பேச்சு நன்றாக இருக்கும்போதே நோயாளியின் குரலைக் கைப்பேசியில் நிறையப் பதிவுசெய்து வையுங்கள். 2024-இல் அமெரிக்காவில் கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் டேவிஸ் வளாக மருத்துவர்கள், பேச்சு குழறிப்போன 45 வயது ஏ.எல்.எஸ். நோயாளியின் மூளையில் மின்முனைகளைப் பொருத்தி, அவர் பேச நினைத்த சொற்களை 97 சதவீதம் சரியாகக் கணினியில் வரவழைத்தார்கள். நோய்க்கு முந்தைய பழைய ஒலிப்பதிவுகளைக் கொண்டு, அவருடைய சொந்தக் குரலிலேயே கணினி பேசியது. இந்தக் கருவி நமக்கு எட்ட நாளாகும். குரல் பதிவை இன்றே செய்யலாம். கடன், அமானிதம், வசிய்யத் போன்றவற்றையும் கை எழுதும்போதே, நாவு பேசும்போதே முடித்துக்கொள்வது நல்லது.

நிற்க முடியாதவர் அமர்ந்தும், அமர முடியாதவர் படுத்தபடி சைகையாலும் தொழ மார்க்கம் வழி தந்திருக்கிறது. அறிவு தெளிவாக உள்ளவருக்குத் தொழுகை நேரத்தைச் சொல்லி உதவுவது வீட்டாரின் கடமை. நோன்பு பற்றி மருத்துவரிடமும் ஆலிமிடமும் கேட்டு முடிவெடுங்கள்.

குழந்தைகளைத் தாக்கும் எஸ்.எம்.ஏ.

மோட்டார் நியூரான்களை அழிக்கும் இன்னொரு நோய் எஸ்.எம்.ஏ. இது பிறவியிலேயே வரும் மரபணுக் கோளாறு. குழந்தை தலை நிற்காமல், உட்காராமல், உடல் தளர்ந்து இருக்கும். இங்கே ஆராய்ச்சி உண்மையான வெற்றி கண்டிருக்கிறது. 2016 முதல் 2020 வரை மூன்று மருந்துகள் அனுமதி பெற்றன. சீக்கிரம் தொடங்கினால் உட்காராத குழந்தைகள் உட்காருகிறார்கள், சிலர் நடக்கிறார்கள்.

தடையாக இருந்தது விலை. 16 கோடி ரூபாய் ஊசிக்காக ஊர் ஊராக வசூல் நடந்ததை நாம் அறிவோம். இப்போது ரிஸ்டிப்லாம் என்ற வாய்வழி மருந்தில் பெரிய மாற்றம் வந்துள்ளது. ஒரு பாட்டில் சுமார் 6 லட்சம் ரூபாயாக இருந்த இம்மருந்தை, நீதிமன்ற வழக்குக்குப் பின் 2025 அக்டோபரில் இந்திய நிறுவனம் ஒன்று 15,900 ரூபாய்க்கு வெளியிட்டது. அரிய நோய்களுக்கான தேசியக் கொள்கையின்படி, அங்கீகரிக்கப்பட்ட சிறப்பு மையங்கள் வழியாக 50 லட்சம் ரூபாய் வரை அரசு உதவி பெறவும் வழி உண்டு. வசூல் பெட்டியைத் தூக்குவதற்கு முன் இவ்விரண்டையும் விசாரியுங்கள்.

பெற்றோர் இருவரும் நோயின்றி, ஆனால் குறையுள்ள மரபணுவைச் சுமப்பவர்களாக இருந்தால், ஒவ்வொரு கர்ப்பத்திலும் குழந்தைக்கு நோய் வரும் வாய்ப்பு நான்கில் ஒன்று. உலக அளவில் சுமார் 50 பேருக்கு ஒருவர் இதைச் சுமக்கிறார். மாமன் மகள், சாச்சா மகன் என்று நெருங்கிய சொந்தத்தில் மணம் முடிக்கும்போது இருவரிடமும் ஒரே குறை இருக்கும் வாய்ப்பு கூடுகிறது. அத்தகைய மணம் மார்க்கத்தில் அனுமதிக்கப்பட்டது; கட்டாயம் அல்ல. குடும்பத்தில் ஒரு குழந்தைக்கு இந்நோய் இருந்தால், நிக்காஹ் பேசும் முன் ஓர் இரத்தப் பரிசோதனை செய்துகொள்வதில் வெட்கம் எதுவும் இல்லை.

உங்கள் வீட்டிலோ அண்டை வீட்டிலோ இத்தகைய நோயாளி இருந்தால், பணம் கட்டுவதற்கு முன் மருத்துவ அறிக்கைகளோடு அறக்கட்டளை அலுவலகத்துக்கு வாருங்கள். சக்கர நாற்காலி, காற்று மெத்தை, சளி உறிஞ்சும் கருவி ஆகியவற்றைத் திருப்பித் தரும் நிபந்தனையில் கொடுத்துவருகிறோம். வீட்டில் பயன்பாடு முடிந்த பைபாப் கருவி வைத்திருப்போர் அதை அடுத்த நோயாளிக்காக ஒப்படைத்தால் அது நிலையான தர்மமாக அமையும், இன்ஷா அல்லாஹ்.

நோயுற்ற அனைவருக்கும் வல்ல அல்லாஹ் ஷிஃபாவையும், அவர்களைப் பராமரிப்போருக்குப் பொறுமையையும் நற்கூலியையும் தந்தருள்வானாக. ஆமீன்.

செயலாளர்