டீசல் யந்திரத்தின் எண்ணெய் மட்டம்

திருப்பூர்ப் பனியன் கம்பெனிகளில் எண்ணெய் என்றாலே ஓர் அச்சம் உண்டு. பின்னல் யந்திரத்தின் ஊசிகளுக்கு அஃது இன்றியமையாததே; ஆயினும் அதில் ஒரு துளி வெள்ளைத் துணியில் விழுந்துவிட்டால், தைத்து முடித்த பனியனும் கழிவிற் சேரும். ஆதலின், கையில் எண்ணெய் படிந்த ஒருவரைத் துணிக்கு அருகே வரவிடார். அத்தகையவர் பெரும்பாலும் பின்புறக் கொட்டகையில், டீசல் ஜெனரேட்டரின் பக்கத்தில் இருப்பார். அவர் செய்யும் வேலைகளுள் மிகச் சிறியதும் எளிதில் மறக்கப்படுவதுமான ஒன்றைப் பற்றியே, அதாவது யந்திரத்தின் எண்ணெய் மட்டத்தைப் பார்த்து வருவதைப் பற்றியே, இங்கு எழுதப் புகுந்தோம்.

பைக்காரா மின்சாரம் 1932-ல் உற்பத்தியாகத் தொடங்கிய பின்னர், கோயம்புத்தூர்ப் பிரதேசத்து ஆலைகள் எண்ணெய் யந்திரங்களைப் படிப்படியாகக் கைவிட்டன. கைவிட்ட துணையை மீண்டும் தேடவேண்டிய காலமும் வந்தது. 2008 முதல் சில ஆண்டுகள், விசேஷமாக 2012-ல், தமிழ்நாட்டில் மின்வெட்டு கடுமையாயிற்று; சென்னைக்கு வெளியே நாளொன்றில் பல மணி நேரம் மின்சாரம் நின்றது. ஏற்றுமதிக்கு நாள் குறித்துவிட்ட திருப்பூர்க் கம்பெனிகள் அக்காலத்தில் டீசலை நம்பியே ஓடின.

ஜெர்மனியில் ஆக்ஸ்பர்க் நகரில் 1897-ல் ருடால்ப் டீசல் ஓட்டிக் காட்டிய யந்திரத்தில் தீப்பொறி கிடையாது. காற்றை மிகுதியாக நெருக்கி, அதனாற் பிறக்கும் வெப்பத்திலேயே எரிபொருளைப் பற்றவைப்பது அதன் தத்துவம். அவ்வளவு பெரிய அழுத்தத்தைத் தாங்கும் பேரிங்குகளுக்கும் சுழலும் தண்டுக்கும் இடையே இருப்பது மெல்லியதோர் எண்ணெய்ப் படலமேயாம். உராய்வைத் தடுப்பதும், வெப்பத்தைக் கொண்டு செல்வதும், கரியைக் கழுவித் தன்னுள் தாங்குவதும் அந்த எண்ணெயே. டீசல் யந்திரத்தின் எண்ணெய் புதிதாக ஊற்றிய சில மணி நேரத்திலேயே கறுத்துவிடுவதைக் கண்டு அஞ்ச வேண்டுவதில்லை. அஃது தன் கடமையைச் செய்கின்றது என்பதே பொருள்.

மட்டம் பார்க்கும் முறை எளிது. யந்திரத்தை நிறுத்திச் சுமார் பத்து நிமிஷம் பொறுத்தல் வேண்டும்; மேலே ஏறிய எண்ணெய் அடித்தொட்டிக்கு இறங்கட்டும். பின்னர் டிப்ஸ்டிக் என்னும் அளவுகோலை உருவித் துடைத்து, மறுபடி முழுதும் செருகி எடுத்துப் பார்க்க வேண்டும். முதலில் உருவும்போது தெரிவது தெறித்த எண்ணெயின் தடம்; அதை நம்பலாகாது. கோலில் உள்ள இரண்டு குறிகளுக்கு இடையே மட்டம் நிற்றல் வேண்டும். கடலில் ஆடும் படகின் யந்திரத்திற்கு இந்த அளவு எளிதிற் கிட்டாது; அலையில்லாத துறையில் படகு அசையாதிருக்கும்போதே பார்ப்பர். நம் கொட்டகைகளோ அசைவதில்லை. ஆயினும் தளம் சாய்ந்திருப்பின் அளவும் சாயும். கோலைத் துடைப்பதற்குப் பல ஊர்ப் பட்டறைகளிலும் வைத்திருப்பது திருப்பூரின் பனியன் வேஸ்ட்டே என்பது நமக்கு ஒரு சந்தோஷம். ஆனால் பிசிறுள்ள துண்டு ஆகாது. நூல் உள்ளே போய் வடிகட்டியை அடைக்கும்.

இங்கே ஒரு மயக்கத்தைத் தெளிவித்தல் அவசியம். "முன்பலகையில் மீட்டர் இருக்கிறதே, கோல் எதற்கு?" என்பார் பலர். அந்த மீட்டர் காட்டுவது எண்ணெயின் அழுத்தத்தை, அளவை அன்று. தொட்டியில் எண்ணெய் குறைந்துகொண்டே வந்தாலும், பம்பின் உறிஞ்சுவாய் மூழ்கியிருக்கும்வரை முள் அசையாது நிற்கும். காற்று உள்ளே புகுந்த பிறகே அது விழும். அப்பொழுது காலம் கடந்திருக்கும்.

குறைவு மட்டுமே தீங்கு என்று நாமும் ஒரு காலத்தில் எண்ணியிருந்தோம். 2012-ல், கடன் வாங்கி நான்கு பின்னல் யந்திரங்களை வைத்துக் கூலிக்கு நெய்து கொடுத்த ஒருவருடைய கொட்டகைக்குச் சென்றிருந்தோம். ஜெனரேட்டரைப் பார்த்துக்கொண்ட இளைஞர், "இது ஆயில் குடிக்காத இஞ்சினுங்க, மாசமா ஊத்தவே இல்லீங்க," என்று பெருமையுடன் கோலை நீட்டினார். மேற்குறிக்குச் சற்று மேலேயே மட்டம் நின்றது. நாமும் நன்றென்று தலையசைத்துவிட்டோம். மூன்று வாரத்திற்குள் யந்திரம் தட்டும் ஒலியோடு நின்றது. பேரிங்குகள் உருகிப் போயிருந்தன. எரிபொருள் பம்பின் சீல் கசிந்து, டீசல் தொட்டியில் இறங்கிக்கொண்டிருந்திருக்கிறது. எண்ணெய் எரிந்து குறைந்ததை டீசல் நிரப்பிற்று. அளவு குறையவில்லை, வலிமை குறைந்தது. உரிமையாளர் பின்னல் யந்திரம் ஒன்றை விற்றுப் பழுதுபார்த்தார். இளைஞருக்கு வேலை போயிற்று. உயரும் மட்டமும் ஒரு நோயின் குறி என்று அவருக்குச் சொல்லியிருக்க வேண்டியவர்களுள் நாமும் ஒருவராக இருந்தோம்.

இதனை அறியச் செலவில்லாத சோதனைகள் உண்டு. கோலின் நுனியிலிருந்து ஒரு துளியை மை ஒற்றும் தாளில் விட்டு வைத்தால், டீசல் கலந்த எண்ணெய் கரிய நடுவைச் சுற்றி வெளுத்த வளையமாகப் பரவும். மணமும் காட்டிக்கொடுக்கும். குளிர்விக்கும் நீர் புகுந்திருந்தால் எண்ணெய் பாலேடு போல் மங்கும். காய்ந்த தகட்டில் ஒரு துளி இட்டால் படபடவென்று வெடிக்கும் (முகத்தை விலக்கி வைத்துக்கொள்க). எவ்வாறாயினும் மேற்குறியைத் தாண்ட விடலாகாது. சுழலும் தண்டு எண்ணெயை அடித்து நுரையாக்கும். நுரை படலமாக நில்லாது.

நிற்க. எண்ணெய் மாற்றும் காலத்தை நாட்காட்டியால் அன்றி, ஓடிய மணியால் கணக்கிட வேண்டும். 250 மணிக்கு ஒருமுறை மாற்றவேண்டிய யந்திரம் நாளொன்றுக்குப் பத்து மணி ஓடினால், 25 நாளில் முறை வந்துவிடும். ஆறு மாதத்திற்கு ஒருமுறை என்ற பழைய வழக்கத்தையே மின்வெட்டுக் காலத்திலும் பின்பற்றியவர் பலர். பெரிய ஜெனரேட்டரில் ஓரிரு யந்திரங்களை மட்டும் ஓட்டுவதும் கேடே. பளு குறைந்தால் உருளை போதிய சூடடையாது கரி படிந்து, எண்ணெய்ச் செலவு மிகும். ஆகவே ஒரு நோட்டுப் புத்தகத்தில் தேதி, ஓடிய மணி, மட்டம், ஊற்றிய அளவு ஆகிய நான்கையும் எழுதி வருதல் நலம். ஒரு நாள் மட்டம் ஒன்றும் சொல்லாது. முப்பது நாள் மட்டம் பேசும்.

இப்பொழுது மின்வெட்டு அக்காலம் போல் இல்லை. ஜெனரேட்டர்கள் வாரக்கணக்கில் சும்மா நிற்கின்றன. நிற்கும் யந்திரத்திற்கும் கோல் பார்க்கத்தான் வேண்டும். இறுக்கம் தளர்ந்த போல்ட்டின் வழியே சொட்டுச் சொட்டாக வடிந்தது, மின்சாரம் திடீரென்று நின்ற இரவில், சுவிட்சைப் போட்ட பிறகே தெரியவரும்.