நற்செயல் எது?

ஒரு செயலை நற்செயல் என்று துணிவது எதனால்? அதன் பயனாலா, அதனால் வரும் புகழாலா, செய்வோன் எண்ணத்தாலா? பஞ்சசீலம் ஏற்ற நாம் இதனை ஆராய்ந்தறிதல் கடமையாகும்.

ஜெர்மானியப் பேரறிஞர் இம்மானுவேல் காண்ட், குதிரைச் சேணம் செய்யும் தொழிலாளியின் மைந்தர். 1724-இல் கோனிக்ஸ்பெர்க் நகரில் பிறந்தவர். 1785-இல் வெளியிட்ட அறநூலில், எந்நிலையிலும் நல்லதென்று சொல்லத்தக்கது நல்ல சித்தம் ஒன்றே என்று அவர் நிறுவினார். அறிவும் துணிவும் செல்வமும் தீயோன் கைப்பட்டால் தீமைக்கே துணையாகும்.

அவர் காட்டும் உதாரணம் ஒன்று. வணிகன் ஒருவன் சிறுபிள்ளைக்கும் சரியான விலையே சொல்லுகிறான். வாடிக்கை கெடுமென்று அஞ்சி அவ்வாறு செய்தால், அச்செயல் அறத்தோடு ஒத்திருக்கிறதேயன்றி அறத்தினின்று பிறந்ததன்று. மற்றொருவன், திருப்பித் தரும் எண்ணமின்றியே தருவேனென்று வாக்களித்துக் கடன் கேட்கிறான். இதனை எல்லோர்க்கும் சட்டமாக்க இசைவாயா என்று அவனை வினவுக. அவ்வாறு ஆக்கின் வாக்கை நம்புவார் எவரும் இரார். வாக்குறுதி என்பதே ஒழிந்துபோம்.

நாம் ஆலையில் உழைத்த காலத்தில், மேஸ்திரி அருகில் நின்றால் அறுந்த இழையை உடனே ஒட்டுவோம். அவர் அப்பால் சென்றால் கை தளரும். அஞ்சி ஒட்டிய இழையும் நூலாயிற்று; கூலியும் கிடைத்தது. ஆயினும் அதில் நம் நேர்மை அணுவளவும் இல்லை என்பதைப் பின்னரே உணர்ந்தோம்.

பகவான் புத்தர் சேதனையையே கருமம் என்றருளினார். கண்ணிழந்த சக்குபால தேரர் உலாவியபோது அவர் காலடியில் பூச்சிகள் மடிந்தன. கொல்லும் எண்ணம் இன்மையால் அவர்க்குக் குற்றமில்லை என்று பகவான் தெளிவித்ததைத் தம்மபத உரை கூறும்.

இருவர்க்கும் வேறுபாடும் உண்டு. இயல்பான இரக்கத்தால் மட்டும் உதவுவோன் செயல் பாராட்டத்தக்கதேனும், கடமையுணர்வினின்று பிறவாமையால் அதற்கு அறமதிப்பு இல்லை என்பார் காண்ட். பௌத்தமோ உலோபம், துவேஷம், மோகம் என்னும் மூவேரையும் களைந்து, மைத்திரியையே நம் இயல்பாக்கிக்கொள்ளப் பணிக்கிறது.

ஆதலின் அன்பர்களே, பௌர்ணமியன்று சபையில் சீலம் ஓதுகிறோம். மறுநாள் எவரும் காணாத இடத்தில் நம் கை என்ன செய்கிறதென்று நாமே நோக்குவோமாக. அதுவே நம் சீலத்தின் அளவு.