இழைமணி உட்சவ்வின் வடிவாக்கத்தில் புரதங்களும் தமிழ்க் கலைச்சொல்லாக்கமும்

திறவுச்சொற்கள்: இழைமணி, உட்சவ்வு, மடிப்பு, கழுத்து, விளிம்பு, புரதம்

முன்னுரை

உயிரணுவுக்கு ஆற்றல் வழங்கும் நுண்ணுறுப்புக்கு 1898இல் கார்ல் பெண்டா மைட்டோகாண்ட்ரியா எனப் பெயரிட்டார். இழை, மணி என்னும் பொருளுடைய இரு கிரேக்கச் சொற்களின் கூட்டு அது. இலங்கைப் பாடநூல்கள் வழங்கும் 'இழைமணி' அப்பொருளை அவ்வாறே தருகிறது. அதன் உட்சவ்வில் அமைந்த கிரிஸ்டேக்களோ 'மடிப்புகள்' என்றே பெரிதும் விளக்கப்படுகின்றன. இவ்விளக்கம் போதுமானதா என்பதை இக்கட்டுரை ஆராய்கிறது.

மடிப்பு என்னும் கருத்து

1950களின் தொடக்கத்தில் ஜார்ஜ் பலாடே இவ்வமைப்பை மின்னணு நுண்ணோக்கியில் கண்டு, முகடு எனப் பொருள்படும் இலத்தீன் சொல்லால் குறித்தார். உட்சவ்வு அகன்ற வாயுடன் உள்நோக்கி மடிந்திருப்பதாகக் காட்டும் படம் பாடநூல்களில் நிலைபெற்றது. 1990களில் நிகழ்ந்த முப்பரிமாண ஆய்வுகள் அதனைத் திருத்தின. கிரிஸ்டேக்கள் சில பத்து நானோமீட்டர் விட்டமே உடைய குறுகிய கழுத்துகளால் உட்சவ்வின் எஞ்சிய பகுதியோடு இணைந்திருப்பது தெரியவந்தது.

வடிவம் தரும் புரதங்கள்

கழுத்தை அமைப்பது 'மிகோஸ்' என்னும் புரதத்தொகுதி. 2011இல் மூன்று ஆய்வுக்குழுக்கள் இதனைத் தனித்தனியே கண்டறிந்தன. இதன் உறுப்பான மிக்10 சவ்வை வளைக்கிறது; மிக்60 உட்சவ்வை வெளிச்சவ்வோடு பிணைக்கிறது. மிக்10 இல்லாத ஈஸ்ட்டில் கிரிஸ்டேக்கள் கழுத்திழந்து, அடுக்கிய தகடுகளாக உள்ளே தனித்துக் கிடக்கின்றன.

விளிம்பை வளைப்பது ஏடிபி சிந்தேஸ். ஆற்றல் மூலக்கூற்றை ஆக்கும் இந்நொதி இணை இணையாக வரிசையுற்று நின்று சவ்வைக் கூர்மையாக வளைக்கிறது. அவ்விணைவு குலைந்தால் உட்சவ்வு வெங்காயத் தோல்போல் சுருள்கிறது.

கழுத்தின் குறுக்கத்தைக் காப்பதில் ஓபிஏ1 புரதத்துக்கும் பங்குண்டு. கழுத்து நெகிழ்ந்தால் உள்ளிருக்கும் சைட்டோகுரோம் சி வெளியேறி உயிரணுவின் இறப்புக்கு வழிவகுக்கும். இப்புரதத்தின் மரபணுப் பிறழ்வே பரம்பரைப் பார்வை நரம்புச் சிதைவு ஒன்றுக்குக் காரணம் என 2000இல் நிறுவப்பட்டது.

கலைச்சொல் தேவை

'மடிப்பு' என்னும் சொல் பரப்பு மிகுதியை உணர்த்துகிறது. மடித்தது எது என்பதை உணர்த்தவில்லை. பென்னலூர் போன்ற இடங்களிலுள்ள பொறியியல் கல்லூரிகளில் உயிர்த்தொழில்நுட்பம் கற்க வரும் தமிழ்வழி மாணவர், கழுத்துக்கும் விளிம்புக்கும் தமிழ்ச்சொல் அறியாமலே அவற்றின் புரதங்களைப் பயில நேர்கிறது. குடத்தின் உறுப்புகளாகத் தமிழர் நாவில் வழங்கும் கழுத்து, விளிம்பு என்னும் சொற்களே இங்கும் பொருந்துகின்றன.

முடிவுரை

நிலைபெற்றுவிட்ட 'மடிப்பு' என்னும் சொல்லை நீக்க வேண்டியதில்லை. அதனோடு 'மடிப்புக் கழுத்து', 'மடிப்பு விளிம்பு' ஆகியவற்றைச் சேர்த்தால், உட்சவ்வின் வடிவம் புரதங்களின் செயலால் அமைவது என்பதைத் தமிழிலேயே விளக்க இயலும்.