களரியிலிருந்து மேடைக்கு – மட்டக்களப்புக் கூத்து நமக்குத் தரும் பாடம்



சுற்றுலா போகும் நம்மவர்கள் பலருக்குப் பாசிக்குடாக் கடலைத் தெரியும். எவ்வளவு தூரம் நடந்தாலும் ஆழமில்லாத கடல் என்று பிள்ளைகள் குதூகலிப்பார்கள். குளித்துச் சாப்பிட்டுவிட்டு அப்படியே திரும்பிவிடுகிறோம். அங்கிருந்து மட்டக்களப்பு நோக்கிப் போகும் வழியிலும், வாவிக்கு மேற்கே படுவான்கரை வயல் ஊர்களிலும் ஒரு பெரிய செல்வம் இருக்கிறது. அதுதான் கூத்து. பழைய காவியங்கள் எப்படி ஆடும் கதையாக மாறின, அதில் நமக்கு என்ன பாடம் என்று இந்த இதழில் பார்ப்போம்.

எழுத்தறியாதவரும் அறிந்த பாரதம்

மட்டக்களப்புக் கூத்தில் வடமோடி, தென்மோடி என்று இரண்டு வகை உண்டு. வடமோடியில் பெரும்பாலும் பாரத, இராமாயணக் கதைகள் வரும். ஏட்டைப் படிக்க வசதியில்லாத உழவர்களுக்கு இந்தக் காவியங்கள் வந்து சேர்ந்த வழிகளில் கூத்தும் ஒன்று.

கூத்தைப் பழக்குகிறவர் அண்ணாவியார். முதலில் சட்டம் கொடுப்பார், அதாவது யாருக்கு எந்தப் பாத்திரம் என்று முடிவாகி அவரவர் பாட்டு கைக்கு வரும். பிறகு மாதக்கணக்கில் ஆட்டப் பழக்கம், சதங்கை அணிதல், கடைசியில் அரங்கேற்றம். வட்டக்களரியில் விடியும்வரை ஆட்டம் நடக்கும். சுற்றிவர ஊர்ச்சனம் உட்கார்ந்திருக்கும். பெண் வேஷத்தையும் ஆண்களே கட்டுவார்கள்.

பல்கலைக்கழகம் ஏறிய கூத்து

படித்தவர்கள் பலர் இதைப் பாமரர் ஆட்டம் என்று ஒதுக்கிவைத்த காலம் ஒன்று இருந்தது. 1956இல் பேராசிரியர் எதிரிவீர சரச்சந்திர 'மனமே' என்ற சிங்கள நாடகத்தை மேடையேற்றினார். ஜாதகக் கதை ஒன்றை எடுத்து, நாடகம என்ற நாட்டார் ஆட்ட முறையில் அதை அமைத்தார். அந்த நாடகமவுக்கு வேர் தமிழ்க் கூத்து! நம்ம வீட்டுச் சாமானை அடுத்த வீட்டில் அழகாக அடுக்கி வைத்திருப்பதைப் பார்த்த மாதிரி ஆயிற்று. தனிச் சிங்களச் சட்டம் வந்ததும் அதே 1956தான். தமிழர்கள் தங்கள் மொழியையும் கலையையும் பற்றிக் கவலையோடு யோசித்த நேரம் அது.

பேராதனைப் பல்கலைக்கழகத்துப் பேராசிரியர் சு. வித்தியானந்தன் கூத்தைக் கையில் எடுத்தார். 1962இல் 'கர்ணன் போர்' மேடையேறியது. 1960களின் நடுப்பகுதியில் 'இராவணேசன்' வந்தது. மட்டக்களப்பிலிருந்து அங்கே படிக்கப் போன சி. மௌனகுரு அதை எழுதி, இராவணனாகவும் ஆடினார்.

கம்பராமாயணத்தின் யுத்த காண்டம்தான் அதற்கு மூலம். ஆனால் இதில் இராவணன் வெறும் கெட்டவன் இல்லை. தான் இழுத்துவந்த போரில் தம்பியையும் மகனையும் பறிகொடுத்து, தோல்வி தெரிந்தும் களத்துக்குப் போகிற வீரன். எல்லாருக்கும் தெரிந்த கதைதான். எந்த இடத்தில் நின்று யாருடைய துக்கத்தைக் காட்டுகிறோமோ, அதைப் பொறுத்துக் கதையின் பொருள் மாறிவிடுகிறது. பழைய இலக்கியத்தை மேடைக்குக் கொண்டுவருவதில் முக்கியமான வேலை இதுதான்.

வந்தது என்ன, போனது என்ன?

இதனால் கூத்துக்கு மதிப்பு வந்தது. ஒதுக்கியவர்களே காசு கொடுத்துப் பார்க்க வந்தார்கள். வித்தியானந்தன் 'அலங்காரரூபன்' போன்ற கூத்துகளை அச்சிலும் கொண்டுவந்ததால் பாட்டுகள் அழியாமல் நின்றன.

போனதும் உண்டு. இரவு முழுக்க ஆடியது ஓரிரு மணித்தியாலத்துக்குள் அடங்கியது. நாலு பக்கமும் சனம் இருந்த களரி, ஒரு பக்கம் மட்டும் பார்க்கிற மேடையாயிற்று. ஊர் கூடிப் பழகி, ஊர் கூடிப் பார்க்கிற வழக்கம் அந்த மேடையில் இல்லை.

இதை யோசித்துத்தான் 2000களின் தொடக்கத்தில், மட்டக்களப்பு நகரை அடுத்த சீலாமுனையில் சி. ஜெயசங்கரும் நண்பர்களும் வேறு வழியில் போனார்கள். கூத்தை நகரத்துக்குக் கொண்டுபோகாமல், ஊரிலேயே ஆடுகிறவர்களோடு உட்கார்ந்து பேசினார்கள். கதையில் பெண்களை எப்படிக் காட்டுகிறோம், சாதியை உயர்த்தித் தாழ்த்திச் சொல்லும் இடங்களை என்ன செய்யலாம் என்று கேட்டு, மாற்ற வேண்டியதை அவர்களே மாற்றினார்கள். இதற்குக் கூத்து மீளுருவாக்கம் என்று பெயர்.

நம்ம காமன் கூத்து

நமக்கும் கூத்து இருக்கிறது. இந்தியாவிலிருந்து வந்த நம் முன்னோர்கள் காமன் கூத்து, அர்ச்சுனன் தபசு, பொன்னர் சங்கர் ஆகியவற்றைக் கூடவே கொண்டுவந்தார்கள். மாசி மாதம் காமன் ஊன்றினால் தோட்டமே கூடும். காமனைச் சிவன் எரிக்க, ரதி அழும் இடத்தில் லயத்துப் பெண்கள் கண்கலங்குவது சும்மா இல்லை. உழைத்துக்கொண்டிருந்த ஆள் திடீரென்று இல்லாமல் போன வீட்டுக்காரிக்கு அது சாமி கதை மட்டுமா?

இன்று கலாசார விழா மேடைகளிலும் காமன் கூத்தின் பகுதிகளை ஆடுகிறார்கள். நல்லதுதான். ஆனால் நேரம் போதாது என்று வெட்டும்போது எதை வெட்டுகிறோம் என்று பார்க்க வேண்டும். தகனம் கண்ணுக்கு விருந்து என்று வைத்துக்கொண்டு ரதியின் புலம்பலை விட்டுவிட்டால், உயிரை விட்டுவிட்டு உடம்பை மட்டும் கொண்டுபோனது போலாகும். மேடைக்குச் சுருக்கி ஆடுங்கள், தோட்டத்தில் முழுசாக ஆடுங்கள். இரண்டும் வேண்டும்.

உடனே செய்யக்கூடிய வேலை ஒன்று உண்டு. பாட்டுத் தெரிந்த வாத்தியார்மார் வயதாகிப் போகிறார்கள். பள்ளிக்கூடம் போகும் பிள்ளைகள் ஒரு கொப்பி எடுத்து, அவர்கள் பாடப் பாட எழுதட்டும். யார் பாடியது, எந்தத் தோட்டம், என்றைக்கு என்பதையும் மறக்காமல் எழுத வேண்டும்.

வீட்டில் கலந்து பேச:

1. உங்கள் தோட்டத்தில் கடைசியாக முழுக் கூத்து ஆடியது எந்த வருடம்? அது நின்றுபோயிருந்தால் ஏன் நின்றது?
2. ரதி வேஷத்தை ஒரு பெண்பிள்ளை கட்டினால் ஊர் என்ன சொல்லும்? நீங்கள் என்ன சொல்வீர்கள்?
3. கூத்தில் எதை மாற்றலாம், எதைத் தொடக்கூடாது? அதை யார் முடிவு செய்ய வேண்டும்?