திருட்டு கனெக்‌ஷன் எடுக்கும் கட்டி: புது ரத்தக் குழாய்களின் கதை

தெருவில் தண்ணீர் லைன் போகும். ராத்திரியோடு ராத்திரியாக அதில் ஒரு திருட்டு கனெக்‌ஷன் எடுத்து, மோட்டார் போட்டு உறிஞ்சுகிற வீடு ஒன்று எப்படியும் இருக்கும். நம்ம உடம்புக்குள்ளேயும் அப்படி ஒரு ஆள் உண்டு. புற்றுநோய்க் கட்டி. அது பக்கத்தில் போகும் ரத்தக் குழாயிலிருந்து தனக்குன்னு புது லைன் இழுத்துக்கொள்ளும்.

இருக்கிற ரத்தக் குழாயிலிருந்து புதுக் குழாய் கிளை விட்டு வளர்வதற்குப் பெயர் ஆஞ்சியோஜெனிசிஸ். பெயரைப் பார்த்து பயோடெக் பசங்க சமாச்சாரம்னு ஸ்க்ரோல் பண்ணிடாதீங்க. இதில் டிஃப்யூஷன் இருக்கு, கன்ட்ரோல் சிஸ்டம் இருக்கு, ஃப்ளூயிட் மெக்கானிக்ஸ் இருக்கு. உங்க வீட்டில் யாருக்காவது சுகர் இருந்தால், அவங்க கண்பார்வையும் இதில் இருக்கு.

குழாய் எதுக்கு?

ஒவ்வொரு செல்லுக்கும் ஆக்சிஜன் வேணும். ரத்தத்திலிருந்து செல்லுக்கு அது டிஃப்யூஷன் மூலமாகத்தான் போகிறது. டிஃப்யூஷனில் ஒரு சிக்கல் உண்டு: தூரம் இரண்டு மடங்கானால், நேரம் நான்கு மடங்காகும். போகிற வழியில் இருக்கிற செல்கள் வேறு ஆக்சிஜனை எடுத்துக்கொண்டே இருக்கும். அதனால் ஒரு செல், ரத்தக் குழாயிலிருந்து சுமார் 100 முதல் 200 மைக்ரோமீட்டருக்குள் இருந்தால்தான் பிழைக்கும். ஒரு தலைமுடியின் தடிமனைவிட ஒன்றிரண்டு மடங்கு தூரம், அவ்வளவுதான். அதனால்தான் உடம்பு முழுக்க தந்துகிகள், அதாவது கேப்பிலரிகள், இவ்வளவு நெருக்கமாகப் பின்னிக் கிடக்கின்றன.

வளர்ந்த ஆளின் உடம்பில் இந்தக் குழாய்ச் செல்கள் பெரும்பாலும் சும்மாதான் இருக்கும். காயம் ஆறும்போது, மாதவிடாய்ச் சுழற்சியில் கருப்பை உள்சுவர் மறுபடி வளரும்போது, கர்ப்பத்தில் நஞ்சுக்கொடி உருவாகும்போது, உடற்பயிற்சியில் தசை பலப்படும்போது மட்டும் எழுந்து வேலை செய்யும். வேலை முடிந்ததும் மறுபடி அமைதி. பிரச்சினை எப்போ வருதுன்னா, ஆன் ஆன சுவிட்ச் ஆஃப் ஆகாமல் போகும்போது.

சென்சார் எங்கே இருக்கு?

இது ஒரு அழகான ஃபீட்பேக் லூப். நம்ம செல்கள் எச்.ஐ.எஃப் என்ற ஒரு புரதத்தை எப்போதும் தயாரித்துக்கொண்டே இருக்கும். ஆக்சிஜன் போதுமான அளவு இருந்தால், அந்தப் புரதத்தின் மேல் ஒரு அடையாளம் விழும். அடையாளம் விழுந்ததும் சில நிமிஷத்தில் செல் அதை உடைத்துப் போட்டுவிடும். தயாரிப்பது, உடைப்பது, மறுபடி தயாரிப்பது. வேஸ்ட் மாதிரி தெரியும். ஆனால் ஆக்சிஜன் குறைந்த அடுத்த நொடியே உடைக்கிற வேலை நின்றுவிடும், எச்.ஐ.எஃப் மளமளவெனச் சேரும். புதிதாகத் தயாரிக்கும் வரை காத்திருக்க வேண்டியதில்லை. இதைக் கண்டுபிடித்த கிரெக் செமென்சா, பீட்டர் ராட்கிளிஃப், வில்லியம் கேலின் மூவருக்கும் 2019-ல் மருத்துவ நோபல் கிடைத்தது.

சேர்ந்த எச்.ஐ.எஃப் பல ஜீன்களை முடுக்கிவிடும். அதில் முக்கியமானது வி.இ.ஜி.எஃப். “இங்கே ஆக்சிஜன் இல்ல, லைன் அனுப்புங்க” என்று வெளியே போகும் கம்ப்ளைன்ட் லெட்டர்னு வைத்துக்கொள்ளலாம். அது பக்கத்து ரத்தக் குழாயைத் தொட்டதும், குழாய்ச் சுவரின் ஒரு செல் முன்னால் நீண்டு, வி.இ.ஜி.எஃப் அதிகமாக இருக்கும் பக்கம் நகர ஆரம்பிக்கும். பக்கத்துச் செல்களுக்கு “நான் முன்னாடி போறேன், நீங்க பின்னாடி வாங்க” என்று அதுவே சிக்னலும் கொடுக்கும். பின்னால் வரும் செல்கள் பெருகிக் குழாயாகும். கடைசியில் வெளியே சில செல்கள் வந்து ஒட்டிக் குழாயைப் பலப்படுத்தும். ரத்தம் வந்ததும் ஆக்சிஜன் கூடும், எச்.ஐ.எஃப் உடையும், லெட்டர் நிற்கும். லூப் முடிந்தது.

1 மில்லிமீட்டரில் நின்ற கட்டி

1960-களின் தொடக்கம். ஜூடா ஃபோக்மேன் என்ற இளம் சர்ஜன் அமெரிக்கக் கடற்படையின் ஆராய்ச்சிக்கூடத்தில் வேலை பார்த்தார். செயற்கை ரத்தம் மாதிரி ஒரு திரவத்தால் உறுப்புகளை உடம்புக்கு வெளியே உயிரோடு வைத்திருக்க முடியுமா என்பதுதான் சோதனை. அப்படி வைத்திருந்த தைராய்டு சுரப்பியில் புற்றுநோய்ச் செல்களைச் செலுத்திப் பார்த்தார்கள். கட்டி ஒன்றிரண்டு மில்லிமீட்டர் வரை வளர்ந்து நின்றுவிட்டது. சாகவில்லை, வளரவும் இல்லை. அதே செல்களை எலிக்குள் வைத்ததும் கிடுகிடுன்னு வளர்ந்தன.

வித்தியாசம் ஒன்றுதான். எலிக்குள் கட்டிக்குப் புது ரத்தக் குழாய் வந்தது, வெளியே இருந்த சுரப்பியில் வரவில்லை. கட்டி ஏதோ ஒரு பொருளை அனுப்பித்தான் குழாயை வரவழைக்கிறது, அந்தப் பொருளைத் தடுத்தால் கட்டியைப் பட்டினி போடலாம் என்று ஃபோக்மேன் 1971-ல் எழுதினார். அப்போது நம்பியவர்கள் குறைவு. 1983-ல் ஹரால்ட் ட்வோராக்கின் குழு, கட்டிகள் வெளியிடும் ஒரு புரதம் ரத்தக் குழாயை ஒழுகவைப்பதைக் கண்டது. 1989-ல் நெப்போலியோனே ஃபெராராவின் குழு, குழாயை வளரவைக்கும் புரதத்தைத் தனியே பிரித்து வி.இ.ஜி.எஃப் என்று பெயர் வைத்தது. கடைசியில் இரண்டும் ஒரே புரதம்னு தெரிந்தது. வளரவும் வைக்கும், ஒழுகவும் வைக்கும். இந்த இரட்டை வேலையை ஞாபகம் வெச்சுக்கோங்க, பின்னாடி வேணும்.

வி.இ.ஜி.எஃப்-ஐப் பிடித்து முடக்கும் ஆன்டிபாடிதான் பெவாசிசுமாப், கடையில் அவாஸ்டின். பரவிய பெருங்குடல் புற்றுநோய்க்கு 2004 பிப்ரவரியில் அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது. அந்த ட்ரயலில் கீமோ மட்டும் எடுத்தவர்களின் சராசரி ஆயுள் (மீடியன்) 15.6 மாதம். கீமோவோடு இதையும் எடுத்தவர்களுக்கு 20.3 மாதம். நோயாளிக்கு ஐந்து மாதம் பெரிய விஷயம்தான். ஆனால் ‘கட்டியைப் பட்டினி போட்டுக் கொல்வோம்’ என்ற கனவோடு பார்த்தால் குறைவு. மார்பகப் புற்றுநோய்க்குக் கொடுத்த அனுமதியை 2011-ல் திரும்பவே வாங்கிவிட்டார்கள், ஆயுள் கூடியதாக நிரூபணம் இல்லை என்று.

ஏன்? ஒரு லைனை அடைத்தால் கட்டி வேறு சிக்னல் மூலம் இன்னொரு லைன் இழுக்கிறது. சில கட்டிகள் புதுக் குழாயே கேட்காமல், ஏற்கெனவே இருக்கும் குழாய்களைச் சுற்றியே வளர்ந்துவிடுகின்றன. பக்கவிளைவும் உண்டு. வி.இ.ஜி.எஃப் நல்ல வேலைக்கும் வேணுமே. பிரஷர் ஏறும், காயம் ஆறாது. அதனால் ஆபரேஷனுக்குப் பல வாரம் முன்பே இந்த மருந்தை நிறுத்திவிடுவார்கள்.

லைனை அடைச்சா மருந்து எப்படிப் போகும்?

இங்கே ஒரு குழப்பம் வரணும். கீமோ மருந்தும் ரத்தக் குழாய் வழியாகத்தானே கட்டிக்குப் போகிறது? குழாயை அடைத்தால் மருந்தும் போகாதே? அப்புறம் இரண்டையும் சேர்த்துக் கொடுத்தால் பலன் கூடுவது எப்படி?

இதற்குப் பதில் சொன்னவர் டாக்டர் இல்லை, கெமிக்கல் இன்ஜினியர். ஐ.ஐ.டி கான்பூரில் 1972-ல் பி.டெக் முடித்து, பிறகு ஹார்வர்டில் பேராசிரியரான ராகேஷ் ஜெயின். கட்டியை அவர் ஒரு பைப்பிங் சிஸ்டமாகப் பார்த்தார். கட்டியின் குழாய்கள் அவசரத்தில் போட்டவை. வளைந்து நெளிந்து, சுவரில் ஓட்டையோடு இருக்கும். ஒழுகிய நீர் வெளியே தேங்கும், கட்டிக்குள் அழுத்தம் ஏறும். குழாய்க்கு உள்ளேயும் வெளியேயும் அழுத்தம் கிட்டத்தட்ட சமமானால் ஃப்ளோ எங்கே இருந்து வரும்? டெல்டா பி பூஜ்யம். மருந்து குழாயில் வந்தும் கட்டிக்குள் இறங்காது.

வி.இ.ஜி.எஃப்-ஐ அளவாகக் குறைத்தால், தேவையில்லாத குழாய்கள் உதிரும், மீதி இருப்பவை ஒழுகுவது குறையும், அழுத்தம் இறங்கும். கொஞ்ச காலத்துக்கு ரத்த ஓட்டம் சீராகும். அந்த இடைவெளியில் கீமோ உள்ளே போகும். ரேடியேஷன் நன்றாக வேலை செய்ய ஆக்சிஜன் வேணும், அதுவும் கிடைக்கும். அதாவது, குழாயை அழிப்பதைவிட ரிப்பேர் பண்ணுவது சில நேரம் லாபம். 2001-ல் அவர் இந்தக் கருத்தை முன்வைத்தார். 2020-ல் கல்லீரல் புற்றுநோய்க்கு பெவாசிசுமாபை ஒரு இம்யூனோதெரபி மருந்தோடு சேர்த்துக் கொடுக்க அனுமதி வந்தது. நோய் எதிர்ப்புச் செல்களும் குழாய் வழியாகத்தானே கட்டிக்குள் வரணும்!

கண்ணுக்குள்ளே

புற்றுநோயில் பாதி வெற்றி. கண்ணில்தான் இந்த மருந்துகள் கதையையே மாற்றின.

சுகர் பல வருஷம் கட்டுக்குள் இல்லாவிட்டால் விழித்திரையின் கேப்பிலரிகள் கெட்டு அடைபடும். விழித்திரைக்கு ஆக்சிஜன் பசி அதிகம். உடனே கம்ப்ளைன்ட் லெட்டர் பறக்கும். வி.இ.ஜி.எஃப் இரண்டு வேலையையும் செய்யும். ஒன்று, பார்வையின் மையப் பகுதியான மேக்குலாவில் நீர் ஒழுகி வீங்கும். இரண்டு, விழித்திரை மேல் புதுக் குழாய்கள் முளைக்கும். இவை மெலிசு, லேசில் உடைந்து கண்ணுக்குள் ரத்தம் கசியும். கூடவே வளரும் தழும்புத் திசு சுருங்கி விழித்திரையையே பிய்த்து இழுக்கும்.

பழைய வைத்தியம் லேசர். விழித்திரையின் ஓரப் பகுதியில் சூடு வைப்பார்கள். கேட்கக் கொடூரமா இருக்கும், ஆனா லாஜிக் இருக்கு: ஓரத்தின் ஆக்சிஜன் தேவை குறைந்தால் லெட்டரும் குறையும். சப்ளையைக் கூட்ட முடியாதபோது டிமாண்டைக் குறைப்பது. இன்றும் பயன்படுகிறது.

புது வைத்தியம் கண்ணுக்குள் ஊசி. எங்க பாட்டிக்கு இதைச் சொன்னதும் “கண்ணுல ஊசியா? நான் வரல சாமி” என்று கட்டிலைப் பிடித்துக்கொண்டார். மரத்துப்போகச் சொட்டு மருந்து விட்டுத்தான் போடுவார்கள், சில நொடி வேலை என்று அத்தை பேசிப் பேசி அழைத்துப் போனார். முடிந்து வந்ததும் “இதுக்கா இவ்ளோ ஆர்ப்பாட்டம்?” என்று எங்களையே திட்டினார்.

2006-ல் வயதானவர்களுக்கு வரும் மேக்குலா நோய்க்கு லூசென்டிஸ் என்ற ஊசி அனுமதி பெற்றது. அப்போது அமெரிக்காவில் ஒரு டோஸ் சுமார் 2,000 டாலராக இருந்தது. அதே நிறுவனத்தின் அவாஸ்டினைச் சின்ன டோஸாகப் பிரித்தால் சுமார் 50 டாலர்தான் ஆனது. ஆனால் அவாஸ்டினுக்குக் கண் சிகிச்சை அனுமதி இல்லை. டாக்டர்கள் அதைப் போட்டுப் பார்த்தார்கள், பலன் தெரிந்தது. கடைசியில் அமெரிக்க அரசு நிதியில் இரண்டையும் நேருக்கு நேர் ஒப்பிட்டார்கள். 2011-ல் வந்த முடிவு: பார்வையைக் காப்பதில் இரண்டும் சமம். ஒரு எச்சரிக்கையும் உண்டு. பெரிய குப்பியைப் பிரிக்கும்போது சுத்தம் தவறினால் கண்ணில் இன்ஃபெக்‌ஷன் வரும். பிரிக்கிற இடத்தின் தரம் ரொம்ப முக்கியம்.

குழாய் வேணும், ஆனா வரல

எதிர்ப்பக்கமும் இருக்கு. சுகர் உள்ளவர்களின் காலில் புண் ஆறாததற்கு ஒரு காரணம், அங்கே புதுக் குழாய் சரியா வளராதது. ஒரே நோய், கண்ணில் அதிகம், காலில் குறைவு! அடைபட்ட இதயத்துக்கு வி.இ.ஜி.எஃப் கொடுத்தால் புது லைன் வருமே என்று ட்ரயல் செய்தார்கள். மருந்தில்லாத டம்மி டோஸைவிடப் பெரிதாகப் பலன் இல்லை. குழாய் முளைத்தால் மட்டும் போதாது, பலப்பட்டு நிலைத்து நிற்கணும். ஒரு சிக்னலை மட்டும் ஊற்றினால் அது நடக்காது. லேபில் உறுப்பு வளர்ப்பவர்களுக்கும் இதுதான் தலைவலி. 3டி பிரிண்டரில் தடிமனான திசுவை அச்சடிக்கலாம், நடுவில் இருக்கும் செல்லுக்கு ஆக்சிஜன் எப்படி அனுப்புவது? அந்த 200 மைக்ரோமீட்டர் கணக்கு விடவே விடாது.

நமக்கு இதுல என்ன வேலை?

நிறைய. மெக்கானிக்கல், கெமிக்கல் ஆட்கள் கட்டிக்குள் ஃப்ளோ எப்படி இருக்கும்னு சிமுலேட் பண்ணலாம். மைக்ரோஃப்ளூயிடிக் சிப்பில் குழாய் வளர்த்துப் பார்க்கும் வேலை உலகம் முழுக்க நடக்கிறது. ஐ.டி, சி.எஸ்.இ மக்களுக்கு விழித்திரைப் படங்கள் இருக்கு. 2016-ல் கூகுள் ஆராய்ச்சியாளர்கள் விழித்திரைப் படத்தைப் பார்த்து சுகர் பாதிப்பைக் கண்டுபிடிக்கும் மாடலை வெளியிட்டபோது, அரவிந்த் கண் மருத்துவமனை, சங்கர நேத்ராலயா படங்களும் அதில் இருந்தன. புராஜெக்ட் டாபிக் தேடுறவங்க யோசிங்க.

புராஜெக்ட்டுக்கு முன்னாடி வீட்டில் ஒரு வேலை இருக்கு. 2023-ல் வெளியான ஐ.சி.எம்.ஆர் ஆய்வின்படி இந்தியாவில் சுகர் உள்ளவர்கள் சுமார் 10 கோடி பேர். விழித்திரையில் புதுக் குழாய் முளைக்க ஆரம்பிக்கும்போது வலி இருக்காது, பார்வையும் பெரும்பாலும் தெளிவாகவே இருக்கும். மங்கலான பிறகு போனால், போன பார்வை முழுசாகத் திரும்பும்னு சொல்ல முடியாது. டைப் 2 சுகர்னு தெரிந்த உடனே ஒரு தடவை, அப்புறம் வருஷத்துக்கு ஒரு தடவையாவது விழித்திரையைக் காட்டணும். கண்ணாடிக் கடையில் பவர் பார்ப்பது இதில் சேராது. சொட்டு மருந்து விட்டுக் கண்மணியை விரித்தோ, விழித்திரையைப் படம் எடுத்தோ பார்க்க வேண்டும்.

இந்த வாரம் வீட்டுக்குப் போன் பண்ணும்போது “சாப்டியா?”ன்னு அவங்க கேட்டு முடிச்சதும், “கண்ணு செக் பண்ணீங்களா?”ன்னு நீங்க கேளுங்க.